நல்ல பாம்பு சாப்பிட்டுவிட்டது

மகனே, சுகம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம். முதலில் செய்தி. உன் பாம்பு சாப்பிட்டுவிட்டது. நேற்றுச் சனிக்கிழமை பின்னேரம் மேல் வீட்டு றீற்றாவிடம் இருந்து கீழே இறங்கி வந்து, கண்ணாடித் தொட்டியின் மேல் போட்டிருந்த என் பழைய நூல் சேலையை மெல்ல ஒதுக்கிப் பார்த்தேன். வைத்த இடத்தில் எலிக்குஞ்சைக் காணவில்லை. மரச்சீவலுக்குள் எங்கேயாவது புதைந்து கிடக்கிறதா என்று குனிந்து தேடினேன். அங்கும் இல்லை. நீ கவிழ்த்து வைத்துவிட்டுப் போன மண்சாடிக்குள் பாம்பு சுருண்டு கிடந்தது, உடம்பின் நடுவில் ஒரு சின்னப் புடைப்பு. குசினித் தரையில் அப்படியே இருந்து கொஞ்ச நேரம் சிரித்தேன். கொஞ்சம் அழுதும் இருப்பேன், அதற்குச் சாட்சி யாரும் இல்லை.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் மெனக்கெட்டு எழுதுகிறேன் என்று நீ யோசிப்பாய். போனில் இந்தச் செய்தியை ஏற்கெனவே சொல்லிவிட்டேன், அதுதான் சிக்கல். போன ஞாயிற்றுக்கிழமை நீ ரொறொன்ரோவில் இருந்து எடுத்து, "பாம்பு சாப்பிட்டுதோ அம்மா?" என்று கேட்டாய். "ஓம், வயிறு நிறையச் சாப்பிட்டுது" என்றேன். அது பச்சைப் பொய். அன்றைக்கு அது ஒன்றும் தின்னாமல், கண்ணும் தெரியாமல் கிடந்தது. நீ போன நாளில் இருந்து நேற்று வரைக்கும் என் கையால் கொடுத்த எதையும் அது தொடவில்லை. இந்த ஞாயிறு உனக்கு வேலை என்றாய், அடுத்த ஞாயிறுதான் எடுப்பாய். அதற்கு முன்னர் இது உன் கைக்கு வந்துவிடும். நடந்ததை முழுக்கச் சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது. நீயும் ஓர் இடத்தில் ஆறுதலாக இருந்து வாசி.

நீ அதை வீட்டுக்குக் கொண்டு வந்த நாளில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அன்றைக்கு நான் போட்ட சத்தத்துக்கு உனக்கு இன்னும் விளக்கம் சொல்லவில்லை. நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தேன். நீ ஒரு துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாய். முகமெல்லாம் சிரிப்பு. நான் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை உன் முகத்தில் கண்டதில்லை. "அம்மா, பயப்பிடாதேங்கோ. பைக்குள்ள பாம்பு இருக்கு. ஆனா இது நல்ல பாம்பு" என்றாய். மகனே, பள்ளிக்கூடக் காற்சட்டையோடு உன் மாமாவுடன் விமானம் ஏறியவன் நீ. உனக்கு நல்ல என்பது ஒரு சொல், பாம்பு என்பது இன்னொரு சொல், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நல்ல குணமுள்ள பாம்பு. எங்களுக்கு அப்படி இல்லை. நல்ல பாம்பு என்றால் படம் எடுக்கிற நாகம். என் பிள்ளை நாகபாம்பைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு குசினி வாசலில் சிரித்தபடி நிற்கிறான். கத்தியும் கையுமாக நான் கதிரையில் ஏறியது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வாயில் வந்த தெய்வங்களின் பெயர் எல்லாம் ஞாபகம் இல்லை. நீயோ என்னை ஆற்றுகிறேன் என்று, "இல்லை அம்மா, உண்மையா நல்ல பாம்பு, சத்தியமா நல்ல பாம்பு" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாய். நீ சொல்லச் சொல்ல எனக்குக் குரல் கூடியது.

நல்ல காலம், றீற்றா மேலே இருந்து ஓடி வந்தாள். மன்னார்க்காரி, வேதக்காரி, இந்தக் கட்டடத்தில் நம்மை விட்டால் தமிழ் கதைக்கிற ஒரே ஆள். அவள் உன்னிடம் ஆங்கிலத்தில் நாலு கேள்வி கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "அக்கா, இறங்குங்கோ. இது விஷமில்லாத சாதியாம். பெடியனுக்குத் தமிழ் கொஞ்சம் வழுக்கிப்போச்சுது" என்றாள். நான் இறங்கினேன். அதன் பிறகுதான் பெயர் விசாரித்தோம். ஆங்கிலத்தில் அதற்குச் சோளன் பாம்பாம். பிரெஞ்சில் கோதுமைப் பாம்பு என்று றீற்றா சொன்னாள். நீ சொன்னது நல்ல பாம்பு. அது சோளமும் தின்னாது, கோதுமையும் தின்னாது, படமும் எடுக்காது. அது தின்பது எலி. இந்த நாட்டில் மனிசருக்கே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கிறது, பாம்புக்கு இருந்தால் என்ன என்று அன்றைக்கு விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு மாதம் போவதற்குள் உனக்கு ரொறொன்ரோவில் வேலை சரிவந்தது. அங்கே நீ போய் இருக்கிற நிலக்கீழ் அறையில் கூட இருக்கிற பெடியன்கள், நீ வா, பாம்பு வேண்டாம் என்றுவிட்டார்கள். என் அகதி வழக்கு இங்கே இழுபட்டுக்கொண்டு கிடப்பதால் நானும் உன் பின்னால் வர வழியில்லை. ஆகவே மொன்றியலில், இந்த நோத்ர-டாம்-த-கிரேஸ் வீட்டில் மிஞ்சியது நானும் பாம்பும்தான். நீ புறப்படுகிற அன்று காலை தொட்டிக்கு முன்னால் குந்தி இருந்து எனக்கு எல்லாம் காட்டித் தந்தாய். ஒரு பக்கத்துக்குக் கீழே சூடு தருகிற விரிப்பு, மற்றப் பக்கம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், தண்ணீர் தினமும் மாற்ற வேண்டும், மூடியை எப்போதும் இறுக்கிக் கொக்கி போட வேண்டும், கிழமைக்கு ஒருக்கால் ஓர் எலிக்குஞ்சு. எல்லாம் சொல்லிவிட்டு, "உங்களுக்கு ஏலாட்டிச் சொல்லுங்கோ அம்மா, கடைக்காரன் திருப்பி எடுப்பான்" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. ஏலாதவள் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டானே என்று நினைத்தேன்.

அதோடு நீ நிறுத்தி இருந்தால் ஒருவேளை கடைக்காரனிடம் கொடுத்தும் இருப்பேன். ஆனால் நீ இன்னொன்று சொன்னாய். மாமா வீட்டில் இருந்து இங்கே ரொக்ஸ்பரோவில் பள்ளிக்கூடம் போன முதல் வருஷம், உன் வகுப்பின் பின்பக்கத்தில் இதே மாதிரி ஒரு பாம்பு வளர்த்தார்களாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நீ போய் அதற்குப் பக்கத்தில் இருப்பாயாம். "அங்க எல்லாரும் என்னோட பிரெஞ்சில கதைச்சவை அம்மா. அது ஒண்டுதான் கதைக்கேல்ல" என்றாய். சொல்லிவிட்டு நீ மூடியின் கொக்கியைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாய். எலிக்குஞ்சை எங்கே வைத்திருக்கிறாய் என்று மட்டும் கேட்டேன்.

அந்த மத்தியான நேரங்களில் நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியும். ஊரில், எழும்ப ஏலாமல் கிடந்த உன் அப்பாவின் கட்டிலடியில் இருந்தேன், அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டு. அவரை விட்டுவிட்டு வர முடியாது, உன்னை அங்கே வைத்திருக்கவும் முடியாது, அதனால் அனுப்பினேன். அனுப்பியது சரி என்று அன்றைக்கும் தெரியும், இன்றைக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம் உன் பக்கத்தில் யார் இருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியாமலே இருந்தது. ஒவ்வொரு நாளும் நினைத்து, விடை கிடைக்காத கேள்வி அது. கடைசியில் பார்த்தால் ஒரு பாம்பு இருந்திருக்கிறது. அதன் இனத்தில் ஒன்றை நீ வாங்கி என்னிடம் விட்டுவிட்டுப் போகிறாய். அது என் கையில் செத்துப்போனால் நான் உன் முகத்தில் எப்படி முழிப்பது? அன்றைக்கு உன் பஸ் போன பிறகு நான் தொட்டிக்கு முன்னால் வந்து நின்று, "நீர் செத்துக்கித்துப் போயிடாதையும்" என்று அதனிடம் கெஞ்சினேன்.

இனி என் மனக்குறையைச் சொல்கிறேன். நான் மொன்றியலில் வந்து இறங்கியபோது மீசையோடு ஒரு ஆள் விமான நிலையத்தில் நின்றான். அவனுக்கு ஆக்கிப் போட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை. நீ வேலையால் வருவாய், "சாப்பிட்டிட்டன் அம்மா" என்பாய். வெளியே பாணும் சீஸும் தின்றுவிட்டு வந்திருப்பாய். சில நாட்கள் என் மன ஆறுதலுக்காகச் சோற்றுக்கோப்பையின் முன்னால் இருப்பாய். நான் கரண்டியும் கையுமாகப் பக்கத்தில் நிற்பேன். குழம்பு காணுமோ, இன்னொரு துண்டு மீன் போடட்டோ, உறைப்புக் கூடிப்போச்சோ, ஏன் முகம் சுருங்குது. நீ பாதியில் எழும்பிவிடுவாய். நாங்கள் பழகியது அப்படி. சாப்பிடுகிறவன் பக்கத்தில் நிற்காவிட்டால் அது அவமரியாதை, அவன் போதும் என்று கையால் மறித்த பிறகும் ஒரு கரண்டி போட்டால்தான் அன்பு. நீயோ மாமா வீட்டில் வளர்ந்தவன். அங்கே ஆளுக்கொரு வேலை நேரம், ஒவ்வொருவரும் தனியே சூடாக்கித் தனியே சாப்பிட்டுப் பழகிய வீடு. அது எனக்கு உறைக்கவில்லை. என் கை ருசி உனக்கு மறந்துபோய்விட்டது, இனித் திரும்பாது என்று றீற்றாவிடம் போய் மூக்கைச் சிந்தி இருக்கிறேன். இப்போது பாம்புக்குச் சாப்பாடு கொடுக்கும் பொறுப்பும் என் தலையில். இதுவும் என் கையால் சாப்பிடாமல் போனால் பழுது என் கையில்தான் என்று எனக்குள் ஒரு முடிவு வந்துவிட்டது.

நீ வெள்ளிக்கிழமை கொடு என்று சொல்லிவிட்டுப் போனாய். வெள்ளிக்கிழமை நான் குசினியில் மச்சம் புழங்குவதில்லை என்பது உனக்கு மறந்துவிட்டது. ஆகவே வெள்ளிக்கிழமை உன் பாம்பும் சைவம் என்று தீர்மானித்து, முதல் சாப்பாட்டைச் சனிக்கிழமைக்கு மாற்றினேன். பிறீசரில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் நீ வைத்திருந்த எலிக்குஞ்சுகளில் ஒன்றை எடுத்து, சின்னப் பிளாஸ்டிக் பையில் கட்டி, சுடுதண்ணீரில் வைத்து இளக்கினேன். அறுக்குளா மீன் வெட்டுகிறவளுக்கு இது என்ன பெரிய காரியம் என்று என்னையே ஏசிக்கொண்டு, நீ தந்த நீளமான இடுக்கியால் பிடித்துத் தொட்டிக்குள் நீட்டினேன். அது நாக்கை நீட்டி மணந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. "சாப்பிடுங்கோ ராசா, கொஞ்சம் சாப்பிடுங்கோ" என்றேன். அது தலையைத் திருப்பியது. திருப்பிய பக்கம் நீட்டினேன். மற்றப் பக்கம் திருப்பியது. அந்தப் பக்கமும் நீட்டினேன். மண்சாடிக்குள் போனது. சாடியைத் தூக்கிவிட்டு நீட்டினேன். கடைசியில் அது தொட்டியின் மூலையில் போய் என் முகத்தைப் பார்த்தபடி நின்றது. பிறகு வந்த நாட்களிலும் இதே திருவிழாதான். வேலைக்குப் போகுமுன் ஒரு தரம், தையல் தொழிற்சாலையால் வந்ததும் ஒரு தரம். இடையில் குளிருகிறதாக்கும் என்று தொட்டியை ஹீட்டருக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தேன். நல்லதுதானே செய்கிறேன் என்று நினைத்தேன்.

எலி பிடிக்கவில்லையாக்கும் என்று ஒரு கிண்ணத்தில் பால் வைத்தேன். சிரிக்காதே. நாகதம்பிரானுக்குப் பாலும் முட்டையும் வைக்கிற குடும்பத்தில் பிறந்தவளுக்குப் பாம்பு என்றால் முதலில் ஞாபகம் வருவது பால்தான். அன்றைக்குத்தான் றீற்றா சீனி வாங்க வந்தாள். தொட்டியையும் கிண்ணத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அக்கா, எங்கட மாதா பாம்பின்ர தலையில கால் வைச்சுக்கொண்டு நிக்கிறா. நீங்கள் அதுக்குக் கிண்ணத்தில பால் வைச்சிருக்கிறியள்."

"அது வேற பாம்பு. இவர் என்ர பிள்ளையின்ர பாம்பு."

"இவரோ? அதுக்கும் மரியாதையோ?"

"அது எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல, றீற்றா. ஒண்டும் சாப்பிடுறாருமில்லை."

அவள் சீனியை மறந்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். பயத்தில் காலை மட்டும் மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். ஆறுதலாக ஐஸ்கிரீம் ஒரு கரண்டி சாப்பிடட்டோ என்று பிறீசரைத் திறக்கப் போனவளை நான் எப்படி மறித்தேன் என்பதை நீ வரும்போது அவளிடமே கேள்.

அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. பாம்பின் நிறம் மங்கத் தொடங்கியது. கடையில் இருந்து வந்தபோது செம்மஞ்சளாக இருந்த உடம்பு தூசு படிந்த மாதிரி ஆனது. ஒரு நாள் வேலையால் வந்து பார்க்கிறேன், இரண்டு கண்ணும் பால் நிறம். கண்ணில் பூ விழுந்துவிட்டது. பாலில் முகத்தை வைத்திருக்குமோ, ஹீட்டர் சூடு கண்ணைச் சுட்டுவிட்டதோ, இடுக்கி பட்டிருக்குமோ என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ போன் எடுத்தாய். நீ கேட்டாய், நான் ஓம் என்றேன். பிறகு நான் கேட்டேன், "நீ சாப்பிட்டியோ?" நீயும், "ஓம் அம்மா, சாப்பிட்டிட்டன்" என்றாய். அந்த ஓம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும் மகனே, ஏனென்றால் என் ஓமும் அப்படித்தான் வந்தது. மற்ற ஆள் கவலைப்படக் கூடாது என்று சொல்கிற ஓம் கொஞ்சம் கெதியாக வரும். போனை வைத்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவு காலமாக இப்படிக் கதைத்துக்கொண்டு இருக்கிறோம் என்று யோசித்தேன்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு றீற்றாவையும் இழுத்துக்கொண்டு, நீ பாம்பு வாங்கிய கடையைத் தேடி லவாலுக்குப் போனேன். வில்லா-மரியாவில் மெற்றோ ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்து பாலம் தாண்டுகிற பஸ். றீற்றா வழி முழுக்க அங்கிப் பைக்குள் செபமாலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாம்புக் கடைக்குப் போவதைப் பங்குச் சுவாமியிடம் எப்படிச் சொல்வது என்பது அவளுடைய கவலை. கடைக்காரர் நல்ல மனிசன். தோளில் ஒரு பச்சைக்கிளி இருந்து அவர் சட்டைக் கழுத்தைச் சப்பிக்கொண்டு இருந்தது, அவர் அதைக் கவனிக்கவே இல்லை. நான் தமிழில் சொல்ல, றீற்றா பிரெஞ்சு வகுப்பில் படித்த பிரெஞ்சில் சொன்னாள். கண்ணில் பூ விழுந்தது என்பதை அவள் எப்படிச் சொன்னாளோ தெரியாது, அந்த மனிசன் முதலில் பூச்சாடி ஒன்றை எடுத்துக் காட்டினார். பிறகு நான் என் கண்ணைத் தொட்டு, மேசையில் இருந்த அவருடைய கோப்பிக்குள் கிடந்த பாலைக் காட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது. சிரித்துவிட்டு, "செ நொர்மால், மதாம்" என்றார். இது வழமைதானாம், சட்டை கழற்றப் போகிறதாம். கழற்றுமுன் கண் அப்படித்தான் மங்குமாம், நிறமும் போகுமாம், அந்த நேரம் சாப்பிடவும் மாட்டாதாம். செத்தும் போகாதாம்.

றீற்றா இதைச் சொல்லி முடிக்கவில்லை, நான் கடை நடுவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். கடைக்காரர் கொஞ்சம் பயந்துதான் போனார். சட்டை கழற்றுவது பற்றி எனக்குத் தெரியாதா? வேலியில் பாம்புச் சட்டை கிடந்தால் தாண்டிப் போனவள்தானே. ஆனால் சட்டையைக் கழற்றுகிற பாம்பு அதற்கு முன் எப்படி இருக்கும் என்று யார் பக்கத்தில் இருந்து பார்த்தது? ஆனாலும் கடைக்காரர் விடவில்லை. சட்டை கழற்றுவதற்கு முதலே, நீ போன நாளில் இருந்தே ஏன் சாப்பிடவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். றீற்றா திரும்பினாள்.

"ஒரு நாளைக்கு எத்தினைதரம் போய்ப் பார்க்கிறனியள் எண்டு கேக்கிறார்."

"பார்க்காமல்? சாப்பிட்டவரோ எண்டு பார்க்கத்தானே வேணும்."

"எத்தினைதரம், அக்கா?"

"வீட்டில நிக்கிற நேரம் முழுக்க."

றீற்றா அதைச் சுருக்கிச் சொன்னாள் என்று நினைக்கிறேன், ஆனாலும் அந்த மனிசன் தன் கையால் தன் கண்ணைப் பொத்திக் காட்டி, "லெஸே-லு த்ராங்கீல்" என்றார். அதையே இரண்டு தரம் சொன்னார்.

"அவரைச் சும்மா விடட்டாம். சாப்பாட்டை வைச்சிட்டு, மேல ஒரு துணியைப் போட்டு மூடிப்போட்டு, நீங்கள் அங்கால போகட்டாம். பக்கத்தில நிண்டு பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்குத் தொண்டைக்குள்ள இறங்காதாம்."

"ஆருக்கு?" என்றேன்.

"பாம்புக்கு, அக்கா" என்றாள் றீற்றா. சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பி மீன் தொட்டியைப் பார்த்தாள். நீ சாப்பிட இருக்கும்போது எத்தனையோ நாள் அவளும் நம் குசினியில் இருந்து பார்த்தவள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதியை என் மடியில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எடு, சாப்பிடு என்று சொல்லவில்லை. பாலம் தாண்டுமுன் நான் அதைச் சாப்பிட்டு முடித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து பால் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். தொட்டியை ஹீட்டரடியில் இருந்து பழைய இடத்துக்கு இழுத்தேன். கடைக்காரர் சொன்னபடி ஒரு டப்பாவில் ஈரத்துணி போட்டு உள்ளே வைத்தேன், சட்டை லேசாகக் கழன்று வருமாம். பிறகு சேலையால் மூடிவிட்டு, என் வேலையைப் பார்த்தேன். சும்மா விடுவது என்பது எவ்வளவு வேலை என்று உனக்குச் சொல்லி விளங்காது. அடுத்த நாள் தண்ணீர் மாற்றும்போது கண் தெளிந்திருந்தது. வெள்ளிக்கிழமை வேலையால் வந்து பார்த்தால் மரச்சீவலில் முழுச் சட்டை கிடந்தது, தலை முதல் வால் வரை, எங்கேயும் அறாமல். கண் இருந்த இடத்தில் இரண்டு வட்டக் கண்ணாடிச் சில்லு மாதிரி இருந்தது. அவை இரண்டும் சட்டையோடு வந்துவிட்டனவா என்று பார்க்கச் சொல்லி இருந்தார் கடைக்காரர். வந்திருந்தன. பாம்பு பளபளவென்று செம்மஞ்சளாகக் கிடந்தது. அந்தச் சட்டையைச் சாமித்தட்டில் வைத்திருக்கிறேன். றீற்றாவுக்குச் சொல்லிவிடாதே. அன்றைக்கு வெள்ளி என்பதால் பொறுத்திருந்து, நேற்று எலிக்குஞ்சை இளக்கி, உள்ளே ஒரு தட்டையான கல்லில் வைத்து, கொக்கி போட்டு, சேலையால் மூடிவிட்டு மேலே போனேன்.

றீற்றா வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏதோ அடுப்பை நூர்க்க மறந்த ஆள் மாதிரி எழும்பி எழும்பி இருந்தேன். "இருங்கோ அக்கா, ரீ ஆறுது" என்றாள். நான் மறுபடி எழும்ப, அவள் போய்க் கதவுக்குச் சங்கிலி போட்டுவிட்டு வந்து இருந்தாள். ரீ குடித்து முடித்து, அவளுடைய மகள் படம் பிடித்து அனுப்பியதெல்லாம் பார்த்து முடித்து, அவளாகச் சங்கிலியைக் கழற்றிய பிறகுதான் இறங்கி வந்தேன். பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு நாளைக்கு அதைத் தூக்கக் கூடாது, செமிக்க விட வேண்டும் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. தூக்கவில்லை. பார்க்கவும் இல்லை. ஒரு தரம் மட்டும் பார்த்தேன்.

இன்று காலை என்னோடு தைக்கிற பிள்ளை ஒன்று சும்மா எட்டிப் பார்க்க வந்தாள். சேலை போட்ட பெட்டி என்ன என்று கேட்டாள். பாம்பு என்றேன். என்ன பாம்பு அக்கா என்றாள். எனக்கு அந்த நேரம் சோளனும் வரவில்லை, கோதுமையும் வரவில்லை. முதல் நாள் சாப்பிட்ட சந்தோஷம் வேறு. "இது நல்ல பாம்பு, பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். அவளுடைய கையுறை ஒன்று இன்னும் வாசலில் கிடக்கிறது. ஆனால் மகனே, நான் வாய் தவறிச் சொல்லவில்லை. நீ சொன்ன பொருளில்தான் சொன்னேன்.

நீ அதை அங்கே கொண்டுபோகிற காலம் வரும். அப்போது இதை எல்லாம் மறந்துவிடாதே. சூடு ஒரு பக்கம், குளிர்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும், அது தனக்கு வேண்டியதைத் தானே தேடிப் போகும். கண் மங்கினால் பதறாதே. சாப்பிடாவிட்டால் கோபித்ததாக நினைக்காதே. உனக்கும் ஒரு நாள் பிள்ளை பிறக்கும், அது தலையைத் திருப்பும், அன்றைக்கு இந்தக் கிழவி லவாலுக்குப் போய்ப் படித்து வந்த பாடத்தை நினைத்துக்கொள். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் இல்லாமலே நீ படித்துவிட்டாய், நன்றாகவே படித்திருக்கிறாய் என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

அடுத்த ஞாயிறு போன் எடு. சாப்பிட்டாயா என்று நான் கேட்கமாட்டேன், நாக்கைக் கடித்துக்கொண்டாவது இருப்பேன். பாம்பு சாப்பிட்டதா என்று நீ கேள், உண்மையைச் சொல்வேன். நீயாக உன் சாப்பாட்டைப் பற்றி ஏதும் சொன்னால், பாணும் சீஸும் என்றாலும் சரி, கேட்டுக்கொள்வேன். நத்தார்ப் பண்டிகை லீவுக்கு நீ வரும் நாளில் சோறும் மீன் குழம்பும் சொதியும் ஆக்கி, மூடி வைத்துவிட்டு, நான் றீற்றா வீட்டுக்குப் போய்விடுவேன். அவள் கதவுக்குச் சங்கிலி போட்டுக்கொள்வாள், நீ பயப்படாதே. ஆறுதலாக இருந்து, உனக்கு வேண்டியதைச் சாப்பிடு. வேண்டாவிட்டால் விடு. ஆனால் திரும்பி வந்ததும் சட்டியைத் திறந்து ஒரு தரம் பார்ப்பேன். அதை மட்டும் நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா